நிற்க இயலாதவனுக்கும் ஒரு பலகை

நம் மொழியில் 'படுத்துவிட்டது' என்னும் சொல்லுக்கு நல்ல பொருள் வாய்க்கவில்லை. கடை நொடித்துப்போனால் 'வியாபாரம் படுத்துவிட்டது' என்கிறோம். முதியவர் ஒருவர் நோயுற்றால் 'படுத்த படுக்கையாகிவிட்டார்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். நிற்பதும் நடப்பதும்தாம் வாழ்வு என்றும், படுத்தல் அதன் முறிவு என்றும் நம் பேச்சே முடிவு செய்து வைத்திருக்கிறது. ஆனால் திருச்சபையோ தன் குருக்களின் பணிவாழ்வை நிற்கவைத்துத் தொடங்குவதில்லை. குருத்துவத் திருநிலைப்பாட்டின்போது புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடப்படும் நேரம் முழுவதும் திருநிலைபெற இருப்பவர் பீடத்தின்முன் முகங்குப்புற விழுந்து கிடக்கிறார். புனித வெள்ளியன்று மாலை வழிபாடும் அவ்வாறே தொடங்குகிறது. குரு மௌனமாக வருகிறார். பீடத்தின்முன் விழுந்து கிடக்கிறார். அதன் பிறகே முதல் மன்றாட்டு எழுகிறது. எங்கள் பக்கத்துத் தில்லையம்பதியிலும் இறைவன் திருமுன் நெடுஞ்சாண்கிடையாக விழும் அன்பர்களை நாம் கண்டிருக்கிறோம்.

உலகத்தார் தோல்வி என்று காணும் கிடையில் வழிபாடு எதனைக் காண்கிறது? இதற்கு விடைதரும் இறையியல் நூல்கள் பல உண்டு. எனினும் அவ்விடை என் நெஞ்சில் நன்கு பதிந்தது ஒரு பலகையினால்.

எங்கள் பங்கில் இருபத்துநான்கு வயது இளைஞன் ஒருவன் இருக்கிறான். அவன் தாத்தா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். தந்தை ஃபைபர் படகில் செல்பவர். இவனோ அலைச்சறுக்கு என்னும் சர்ஃபிங் கலையைக் கற்றுக்கொண்டவன். கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி ஆகிய கரைகளில் கடந்த சில ஆண்டுகளாக மீனவ இளைஞர்கள் பலர் இக்கலையில் தேர்ந்து, பிறருக்குக் கற்பித்துப் பிழைக்கவும் செய்கிறார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடைபெற்றது. எங்கள் இளைஞனும் பருவகாலங்களில் வடக்கே சென்று, பயிற்றுநனாகப் பணியாற்றி, வீட்டுக்குப் பணம் கொணர்ந்தவன்.

சென்ற புரட்டாசியில் அலையிலிருந்து விழுந்தபோது அவனது வலது முழங்கால் முறுக்கிக்கொண்டது. முழங்காலுக்குள் இரு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கின்றன. குறுக்கிட்டுக் கிடக்கும் அந்த வடிவத்தினாலேயே மருத்துவர்கள் அவற்றைச் சிலுவை நார்கள் என்று அழைக்கிறார்கள். அவற்றுள் முன்னது அறுந்துவிட்டது. அறுவைச் சிகிச்சையில் வேறொரு நாரை எடுத்து அவ்விடத்தில் பொருத்தினார்கள். அது வேரூன்றி வலுப்பெறக் குறைந்தது ஒன்பது மாதங்களேனும் ஆகும் என்றும், அதுவரை அலைமேல் நிற்றல் ஆகாது என்றும் மருத்துவர் கூறிவிட்டார்.

நின்று பிழைத்தவனுக்கு நிற்காதே என்பது எத்தகைய தீர்ப்பு! காயம்பட்ட காலின் தொடை சில வாரங்களிலேயே மெலிந்துவிட்டது. மூச்சும் குன்றியது. திண்ணையில் அமர்ந்து கடலைப் பார்ப்பதற்குப் பதிலாக அவன் சுவரைப் பார்த்து அமரத் தொடங்கினான் என்று அவன் தாய் என்னிடம் சொன்னபோது, அஃது உடலின் நோய் மட்டுமன்று என்று உணர்ந்தேன்.

தை பிறந்த பின், நீரில் இறங்கலாம் என்று மருத்துவர் அனுமதி அளித்தார். நீந்தலாம், குதித்தலும் முறுக்கலும் மண்டியிடுதலும் கூடா என்பது நிபந்தனை. அப்போதுதான் அவன் ஒரு புதிய விருப்பத்தோடு என்னிடம் வந்தான். குப்புறப் படுத்துக்கொண்டு, இரு கைகளாலும் நீரைத் துழாவிச் செல்லும் நெடும்பலகை ஒன்று வேண்டும். அதில் பயின்றால் தோளும் முதுகும் மூச்சும் கெடாமல் இருக்கும். கால் குணமாகும் நாளில் உடல் ஆயத்தமாக இருக்கும் என்றான். 'ப்ரோன் பேடில்போர்டு' என்று அதற்குப் பெயராம். கையில் சிறு சேமிப்பு இருந்தது. தாய்க்கோ மகளிர் சுய உதவிக் குழுவில் அடைக்கவேண்டிய கடன் இருந்தது. அந்த அம்மா என் எதிரிலேயே கேட்டுவிட்டார்:

"நிக்க முடியாதவனுக்குப் பலகை எதுக்கு சாமி?"

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நியாயமான கேள்விதான். பலகையைப் பற்றி அறியாமல் அதற்கு விடை கூறுதல் முறையன்று என்று எனக்குத் தோன்றியது. ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு, அவன் கைப்பேசியில் காட்டியவற்றையும் நான் தேடிப் படித்தவற்றையும் ஒருங்கு வைத்துப் பார்த்தேன்.

இப்பலகையின் தாயகம் ஹவாய்த் தீவுகள். அங்குப் பழங்காலத்தில் தலைவர்கள் பயன்படுத்திய நீண்ட மரப்பலகைகள் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 1920-களில் டாம் பிளேக் என்னும் அமெரிக்கர் அவற்றைப் பழுதுபார்த்து, அவற்றின் வடிவைப் பின்பற்றித் தாமும் பலகைகள் செய்தார். முழுமரத்தின் கனம் தாங்காமல், உள்ளே குடைந்து வெற்றிடமாக்கி, மேலே மெல்லிய பலகையால் மூடினார். எடை வெகுவாகக் குறைந்தது, வேகம் கூடியது. கடலில் தத்தளிப்போரைக் காக்கும் உயிர்காப்பாளர்கள் அதனை விரைவில் கைக்கொண்டார்கள். கலிபோர்னியாவின் கேட்டலினா தீவிலிருந்து மன்ஹாட்டன் கடற்கரை வரை 32 மைல் தொலைவுக்கு இப்பலகைகளின் போட்டி 1955-இல் தொடங்கியது. ஹவாயின் மொலோக்காய்த் தீவிலிருந்து ஓவாஹூ வரையிலான போட்டி 1997 முதல் நடக்கிறது. அதுவும் ஏறத்தாழ 32 மைல். ஆஸ்திரேலியரான ஜேமி மிட்செல் 2002 முதல் 2011 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் அதில் வென்றார். அவரே மாபெரும் அலைகளில் நின்று சறுக்கும் வீரரும் ஆவார். ஆகவே படுத்துத் துழாவுதல் நிற்க இயலாதவர்களுக்கு இடப்பட்ட பிச்சையன்று. அது தன்னளவில் நிறைவான ஒரு கலை.

நம் கரைக்கு மட்டும் இது புதிதா? சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் வாங்கிய காலத்திலும், பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. இக்கரையின் உடைஅலைகளை ஊடுருவிச் செல்லக் கட்டுமரம் போன்ற வேறொன்று இல்லை. அதன்மேல் நம் முன்னோர் நிமிர்ந்து நின்றதைவிட மண்டியிட்டுத் துடுப்புப் போட்டதே மிகுதி. அலை புரட்டிப்போட்டால் மரத்தைப் பற்றிக்கொண்டு, குப்புற விழுந்து ஏறி, மறுபடியும் துழாவினார்கள். அந்தத் தமிழ்ச்சொல்லையே ஆங்கிலேயர் 'கேட்டமரன்' என்று தம் மொழிக்கு எடுத்துச் சென்றார்கள்.

இனி, பலகையைத் தேர்ந்தெடுத்த கதைக்கு வருகிறேன். இதில் அறியத்தக்கன பல உண்டு.

முதலாவது, நீளம். அவனிடம் இருந்த சர்ஃபிங் பலகை ஆறடி. அதில் படுத்துத் துழாவினால் என்ன என்று கேட்டேன். அஃது அலையைப் பிடிக்கும் சிறிது நேரத்துக்குப் போதும். ஒரு மணி நேரம் செல்வதற்கு ஆகாது என்றான். சிறு பலகை உடலின் பாரத்தால் பாதி மூழ்கி, நீரைத் தள்ளிக்கொண்டே போகும். நீண்ட பலகையோ ஒரு முறை துழாவினால் வழுக்கிக்கொண்டு முன்னேறும். போட்டிகளில் பத்தரை அடி, பன்னிரண்டு அடி எனப் பிரிவுகள் உண்டு. அளவு வரம்பில்லாத பிரிவில் பதினேழு, பதினெட்டு அடிப் பலகைகளும் வருகின்றன. அவற்றைத் திருப்பக் காலால் இயக்கும் சுக்கான் வேண்டும். பதினெட்டு அடிப் பலகையை எங்கள் ஊர்த் தெருவில் திருப்புவதற்கே சுக்கான் வேண்டும் என்று அவன் தந்தை சிரித்தார். பன்னிரண்டு அடி என்று முடிவாயிற்று.

இரண்டாவது, அகலம். எல்லாவற்றிலும் தலையாயது இதுதான். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகைகள் இப்போது நம் நாட்டில் எளிதில் கிடைக்கின்றன. காற்றடைத்து விரிக்கும் வகையும் உண்டு, மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம், விலையும் அடக்கம். அதையே வாங்கினால் என்ன என்று தாய் கேட்டார். அவை முப்பது அங்குலத்துக்கும் மேற்பட்ட அகலம் உடையவை. நிற்பவருக்கு அந்த அகலம் வேண்டும். படுப்பவருக்கோ அதுவே தடை. கைகள் பலகையின் விளிம்பைத் தாண்டி நீரை எட்டுவதற்குள் தோள்மூட்டு வருந்தத் தொடங்கிவிடும். படுத்துத் துழாவும் பலகை இருபது அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. மிகக் குறுகினால் கவிழ்க்கும். மிக அகன்றால் கை எட்டாது. பாதுகாப்பு மிகுந்த பலகையே நல்ல பலகை என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு பாடம். கைக்கு நீர் எட்டாத பலகையில் விழும் அச்சமும் இல்லை, முன்னேற்றமும் இல்லை.

மூன்றாவது, கனமும் மிதப்பும். பலகை மிகத் தடித்தால் உடல் நீருக்கு மேலே உயர்ந்துவிடும். அப்போதும் கை எட்டாது. மிக மெலிந்தால் முழுகும். செல்பவனின் எடைக்கேற்ற பருமன் வேண்டும். அதன் பிறகும், படுக்கும் இடத்தை அவனே கண்டுகொள்ள வேண்டும். ஓரங்குலம் முன்னே சென்றால் மூக்குப்பகுதி நீருக்குள் குத்தும். ஓரங்குலம் பின்னே வந்தால் வால் இழுக்கும். நான்காவது, மேற்பரப்பு. சில பலகைகளில் உடல் பதிந்து கிடக்கும்படி பள்ளம் உண்டு, ஆட்டம் குறையும், ஆனால் தண்ணீர் தேங்கும். சில தட்டையானவை, உடலை முன்னும் பின்னும் நகர்த்த எளியவை. ஐந்தாவது, அடிப்பகுதி. அமைதியான நீரைக் கிழித்துச் செல்லக் கூரிய மூக்கு நன்று. அலையின் முதுகில் ஏறிச் செல்லத் தட்டையான அடி நன்று. காற்று எழுப்பும் குறுஅலைகள் மிகுந்த நம் கடலுக்கு இரண்டுக்கும் நடுவானது பொருந்தும்.

தேர்ந்தவர்கள் சற்று நேரம் படுத்தும் சற்று நேரம் மண்டியிட்டும் துழாவி, முதுகுக்கு மாற்றம் தருவார்கள். இவனுக்கு மண்டியிடல் மறுக்கப்பட்டிருந்தது. எனவே மோவாயைத் தாங்குவதற்கு ஒரு மென்திண்டு வைத்துக்கொள்ளவேண்டும் என்றும், பத்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும் என்றும், பலகையைவிட்டு இறங்குவது காலைச் சுழற்றாத வகையில் இருக்கவேண்டும் என்றும் இயன்முறை மருத்துவர் வகுத்துக் கொடுத்தார். இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். பலகை தோளையும் முதுகையும் மூச்சையும் வளர்க்கும், முழங்காலை வளர்க்காது. காலுக்குரிய பயிற்சிகளை நாள்தோறும் தனியே செய்தாக வேண்டும். இதற்கு அது மாற்றன்று. ஒன்றைச் செய்கிறோம் என்னும் நிறைவில் மற்றொன்றைக் கைவிடுவது மனித இயல்பு. ஆன்மீக வாழ்விலும் நாம் இதனைக் காண்கிறோம் அல்லவா? செபமாலை சொல்வதால் பகைவனிடம் பேசவேண்டிய கடமை தீர்ந்துவிடுவதில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒரு பலகை வருவிப்பதென்றால் அதன் விலையும் வரியும் பயணக் கூலியும் சேர்ந்து அந்தக் குடும்பத்தால் தாங்க இயலாததாக இருந்தது. ஆகவே, ஃபைபர் படகு கட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் அவன் தாய்மாமன் ஒரு வழி சொன்னார்: நாமே செய்வோம். அடர்த்தியான தெர்மாகோல் கட்டையை வாங்கி, நடுவே மெல்லிய மரச்சட்டம் வைத்து ஒட்டி, வடிவம் செதுக்கி, ஃபைபர் துணி போர்த்திப் பிசின் பூசுவது. இதில் ஒரு நுணுக்கம். படகுகளுக்கு வழக்கமாகப் பூசும் பாலியெஸ்டர் பிசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். இளைஞன் அதனை அறிந்திருந்தான். விலை கூடுதலான எபாக்சிப் பிசினே வேண்டும் என்று நின்றான். நல்ல பிசினேயாயினும் உள்ளிருக்கும் பொருளை அறியாமல் மேற்பூச்சுப் பூசினால் உள்ளதும் அழியும் என்பதனை மறையாசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நான் இப்போதெல்லாம் சொல்லிவருகிறேன்.

இவ்வளவும் அறிந்த பின்னரே அந்தத் தாயிடம் என் கருத்தைக் கூறினேன். கடன் பெரிது, அதனை மறுக்கவில்லை. ஆனால் அவன் உடலே அவனது தொழிற்கருவி. மீன்பிடித் தடைக்காலமான 61 நாட்களிலும் விசைப்படகுக்காரர்கள் வலையைத் தைக்காமலும் இயந்திரத்தைப் பழுதுபார்க்காமலும் இருப்பார்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாத காலம் வேலையற்ற காலமன்று. வேறு வேலைக்கான காலம். அவனுடைய தடைக்காலமும் அத்தகையதே. சேமிப்பில் பாதி கடனுக்கும் பாதி பலகைக்கும் என்று அவர்களே பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தப் பங்கீடு என் சொல்லால் நேர்ந்ததன்று. தாயும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதால் நேர்ந்தது.

பலகை உருவானது. பன்னிரண்டு அடி நீளம், இருபதரை அங்குல அகலம். கனம் பதின்மூன்று கிலோ. அதனைப் பார்க்க எண்பதைத் தாண்டிய அவன் தாத்தாவை அழைத்து வந்தார்கள். அவருடைய கடைசிக் கட்டுமரத்தை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கொண்டுசென்றுவிட்டது. அவர் பலகையை மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம மரந்தான்டா இது. கட்டு மட்டும் இல்ல" என்றார். பிறகு, "தண்ணி குடிக்குமா?" என்று கேட்டார். மேற்பூச்சில் வெடிப்பு விழுந்தால் உள்ளே நீர் ஏறும். உடனே காயவைத்து அடைக்கவேண்டும் என்றான் பேரன். கிழவர் தலையசைத்தார். கட்டுமரத்துக்கும் அதே கதிதான். நாள் முழுவதும் கடலில் கிடந்த மரங்கள் நீரை ஊறி உறிஞ்சிக் கனத்துவிடும். ஆகவே கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்து மணலில் உலர்த்துவார்கள். அவிழ்த்துப் போடாத மரம் மறுநாள் மிதக்காது.

"அவுத்துப் போட்டிருக்கிற மரத்தப் பாத்து ஒடஞ்சு போச்சுன்னு எவனாவது சொல்லுவானா சாமி?" என்று அவர் என்னைக் கேட்டார். அவர் பேரனுக்குத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அவனும் அதனை அறிந்தான்.

பயிற்சிக்கு இடம் தேடவேண்டியதாயிற்று. வெள்ளிக் கடற்கரையின் உடைஅலைகள் தொடக்கத்துக்கு ஏற்றவை அல்ல. கடலூர் உப்பனாற்றின் நீரைப் பற்றி இங்குள்ளோர் பல ஆண்டுகளாக வருந்திவருவது தெரிந்ததே. முகத்தை நீரோடு ஒட்டிச் செல்பவனுக்கு அது தகுந்த இடமன்று. பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுகள் நினைவுக்கு வந்தன. ஆயினும் வனத்துறையின் அனுமதியின்றி அங்கே நுழைவது முறையன்று. தவிரவும், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரங்கள் அங்கே நிற்கின்றன. அவற்றின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. இறுதியில், பரங்கிப்பேட்டையருகே வெள்ளாறு கடலோடு கலக்குமுன் அகன்று அமைதியாகும் பகுதியைத் தேர்ந்தார்கள். ஓதம் ஏறும் நேரத்தில் புறப்பட்டு, வற்றுமுன் திரும்புவது, முகத்துவாரத்தை நெருங்காமலிருப்பது, காலில் பலகையோடு கயிறு பிணைத்திருப்பது, துணையாக ஒரு படகு இல்லாமல் இறங்காதிருப்பது என நான்கு விதிகளை அவன் தந்தை வகுத்தார்.

மாசியில் ஒரு காலை, திருப்பலிக்குப் பின் நானும் அப்படகில் சென்றேன். எனக்கு நீர்மேல் கிடக்கும் அந்த உருவம் வியப்பளித்தது. நெற்றி நீரைத் தொடாத குறை. கைகள் ஒரே நேரத்தில் முன்னே நீண்டு, நீரைப் பற்றி, இடுப்புவரை இழுத்துவிட்டு, மீண்டும் முன்னே நீண்டன. கால்கள் அசையவில்லை. விழுந்து கிடப்பவனின் தோற்றம். ஆனால் அவன் எங்கள் படகைவிட முன்னே சென்றுகொண்டிருந்தான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், திருநிலைப்பாட்டு நாளில், பீடத்தின்முன் விரிப்பில் முகம்புதைத்துக் கிடந்ததை நினைத்தேன். என்னால் அப்போது எதனையும் பார்க்க இயலவில்லை. மக்கள் புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி மன்றாடும் ஓசை மட்டுமே கேட்டது. நான் ஒன்றும் செய்யாமல் கிடந்த அந்த நேரத்தில் எனக்காக ஒரு பெரும் பணி நடந்துகொண்டிருந்தது. இளைஞனைத் தாங்கிய நீரும் அத்தகையதே. அவன் துழாவினான், தாங்கியது அவனல்லன்.

மறைநூலில் பலகைக்கு உள்ள இடத்தை அன்று மாலை தேடிப் பார்த்தேன். சாலமோனின் ஞான நூல் பதினான்காம் அதிகாரத்தில், மனிதர் சிறியதொரு மரத்துண்டை நம்பித் தம் உயிரை ஒப்படைத்து அலைகளைக் கடந்து கரைசேர்வதை வியந்து பேசுகிறது. அதற்கு வழிவகுப்பது இறைவனின் பராமரிப்பே என்கிறது. திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில் புனித பவுல் சென்ற கப்பல் மால்த்தாத் தீவருகே உடைகிறது. அதில் இருந்தோர் 276 பேர். நீந்த அறிந்தோர் முதலில் குதித்துக் கரைசேர்கிறார்கள். மற்றோர் பலகைகளையும் கப்பலின் உடைந்த துண்டுகளையும் பற்றிக்கொண்டு வருகிறார்கள். ஒருவரும் அழியவில்லை. நீந்தியவரும் பலகையில் வந்தவரும் என்று இருவகையினரைக் கூறும் அந்நூல், கரையில் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலும், அவர்கள் பற்றியது புதிய பலகை அன்று. எது உடைந்ததோ அதன் துண்டே அவர்களைச் சுமந்தது. புனித அகுஸ்தினாரும் யோவான் நற்செய்தி பற்றிய தம் உரைகளில், இவ்வுலகமாகிய கடலைக் கடக்கச் சிலுவை மரமே நம்மைச் சுமக்கிறது என்னும் கருத்தை விளக்குகிறார்.

புனித லொயோலா இஞ்ஞாசியாரை இங்கு நினையாமல் இருக்க இயலாது. 1521-இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலைச் சிதைத்தது. வீரனாக நிமிர்ந்து நிற்பதே வாழ்வு என்று எண்ணிய அவர், கால் அழகாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக எலும்பை மீண்டும் அறுக்கவும் இசைந்தார். படுக்கையில் கிடந்த மாதங்களில் வீரக்கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுகளும். கைக்கு எட்டியதை அவர் எடுத்துப் படித்தார். அவரது நொண்டல் இறுதிவரை மறையவில்லை. ஆனால் அந்தப் படுக்கையிலிருந்து எழுந்தவர் வேறொரு மனிதர்.

இதனால் துன்பம் எல்லாம் நன்மையே என்று நான் கூறவரவில்லை. முழங்கால் அறுந்தது நன்மையன்று. ஒன்பது மாதங்கள் முடிந்து சோதித்த மருத்துவர், இன்னும் சில மாதங்கள் பொறுக்கவேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். இவ்வாண்டுப் பருவத்தின் ஊதியம் போயிற்று; அது திரும்பப் போவதில்லை. அவன் மறுபடியும் முன்போல் அலைமேல் நிற்பானா என்பதும் உறுதியில்லை. எனினும் அவன் இப்போது சுவரைப் பார்த்து அமர்வதில்லை. வாரத்தில் நான்கு நாட்கள் ஒரு மணி நேரம் துழாவுகிறான். கடல் அடங்கியிருந்த ஒரு விடியலில், உடைஅலைகளைக் கடந்து சென்று, கரை திரும்பிய தந்தையின் படகை எதிர்கொண்டு, அதன் பக்கவாட்டில் துழாவியபடியே வந்தான். அதைக் கரையில் நின்று பார்த்த தாய், அடுத்த ஞாயிறு என்னிடம் பலகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தோளு நல்லா ஏறியிருக்கு சாமி" என்று மட்டும் சொன்னார்.

நம் பங்குகளில் நிற்க இயலாதோர் எத்தனை பேர்! பக்கவாதத்தால் கிடக்கும் தந்தையர், இடுப்பெலும்பு முறிந்த பாட்டியர், வேலையிழந்து வீட்டுக்குள் முடங்கிய இளைஞர். நற்கருணை கொண்டுசெல்லும்போது அவர்களுள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றே: "நான் இருந்து என்ன பயன் சாமி?" நாமும் அவர்களைப் பார்க்கச் சென்றால், "எப்போது எழுந்து நடப்பீர்கள்?" என்றே கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை, நம்மிடமும் இல்லை.

பலகையைத் தேர்ந்தவனிடம் நான் கற்ற கேள்வி வேறு. நிற்க முடியுமா என்று பலகை கேட்பதில்லை. கை நீருக்கு எட்டுகிறதா என்று கேட்கிறது. கட்டிலில் கிடக்கும் பாட்டிக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி மன்றாட முடியும்; மறைக்கல்வி மாணவன் ஒருவனைப் பக்கத்தில் அமர்த்திப் பழைய பாடல்களைக் கற்பிக்க முடியும். வேலையிழந்தவனுக்கு அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர முடியும். சிறியவைதாம். ஆனால் கைக்கு எட்டுபவை. எட்டியதைப் பற்றி இழுத்தால் உடல் முன்னே நகரும். தாங்கும் வேலையைத் தாங்குகிறவர் பார்த்துக்கொள்வார்.

அடுத்த முறை நோயுற்றோரைப் பார்க்கச் செல்லும்போது, ஆரஞ்சுப் பழங்களோடு இந்தக் கேள்வியையும் கொண்டு செல்லுங்கள். விடையை அவர்களே சொல்லட்டும். நீங்கள் அருகே படகில் இருங்கள்.